ஆடாத மேல்கூடு

லோர்னா டாலிஃப்சன் கதவைத் தட்டவில்லை. உதைத்துத் திறந்தாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி தரையெல்லாம் சிதறியது.

“என் புருஷன் ஒரு மனுஷனைச் சுட்டு, பனியில போட்டுட்டு வந்துட்டான்னு ஊரே சொல்லுது. நீயும் அதையேதான் சொல்லப் போறியா, நெல்ஸ்?”

“உக்காரு,” என்றான் நெல்ஸ் பிராண்ட்வோல்ட்.

“நான் உக்கார வரல.”

“சரி, நின்னுக்கிட்டே சொல்லு.”

நெல்ஸ் அந்த மாவட்டத்தில் உதவி ஷெரிஃபாக இருந்தவன். போன வருடம் மனைவி மாரா இறந்ததும் வேலையை விட்டான். வயது முப்பத்து நான்கு. இப்போது சேணக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகத் துப்பறியும் வேலை. களவு போன மாடு, பொய்க் காப்பீடு, அவ்வப்போது இப்படி யாராவது. மாராவின் தங்கை நடீன் தொலைபேசியை எடுத்தாள், வண்டி ஓட்டினாள், அவன் கேட்காமல் விட்ட கேள்விகளையும் கேட்டாள்.

“காபி வேணுமா?” என்றாள் நடீன். “நேத்து போட்டது. உன் கோபத்துக்குப் பொருத்தமா இருக்கும்.”

லோர்னா வாங்கிக் குடித்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

நடந்தது வயோமிங்கின் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கயோட்டி நரி வேட்டைப் போட்டி. அன்று காலை மலையடிவாரத்தில் எவுசேபியோ என்ற பெரு நாட்டு ஆட்டிடையன், தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருந்த ஐஸை உடைக்கக் குனிந்தான். பழுப்புக் கோட்டு போட்டிருந்தான். குண்டு அவன் தொடையைத் துளைத்து, பின்னால் நின்ற மர வண்டியில் புதைந்தது. சுட்டவன் கிட்டே வந்தான். பனி பெய்துகொண்டிருந்ததால் எவுசேபியோவுக்கு முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் தெரிந்தது. அந்த உருவம் நின்றது, பார்த்தது, திரும்பிப் போனது. பொழுது சாய்ந்து ஆள் வரும்வரை அவனுடைய நாய் அவன்மேல் படுத்துக் கிடந்தது. அதனால் உயிர் மிஞ்சியது. கால் மிஞ்சவில்லை.

“அந்தக் காலைக் கட்டினவ நான்,” என்றாள் லோர்னா. அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். “பூட்ஸை வெட்டி எடுத்தவ நான். இப்போ அதே ஆஸ்பத்திரியில எதிர்ல வர்றவங்க என்னைப் பார்த்ததும் சுவத்தைப் பார்க்கிறாங்க.”

அன்று இரவே ஷெரிஃப் ஹோல்கம் வானொலியில் அறிவித்தார். போட்டிக்குப் பெயர் கொடுத்த எல்லோருடைய துப்பாக்கியும் சோதனைக்குப் போகும் என்று. ஞாயிறு மாலை ஆள் அனுப்பி எல்லாவற்றையும் வாங்கினார். மாநில ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்தார்கள். மர வண்டியில் எடுத்த குண்டின் கீறல்கள் ஒரே ஒரு துப்பாக்கியோடு பொருந்தின. அது லோர்னாவின் கணவன் ராய்ஸ் டாலிஃப்சனுடையது. இரண்டு வாரமாக அவன் சிறையில் இருந்தான்.

“ராய்ஸ் போட்டிக்குப் போனானா?” என்று கேட்டாள் நடீன்.

“பேர் கொடுத்தான், என் தம்பி லைலுக்கு ஜோடியா. ஆனா போகல. கிடாரிங்க முதல் கன்னு போடுற நேரம், தொழுவத்துலயே கிடந்தான். நான் டூட்டியில. லைல் தனியா வேற பள்ளத்தாக்குக்குப் போனான். ராய்ஸுக்குச் சாட்சி யாருன்னு கேக்குறாங்க. மாடுங்களைத்தான் கூப்பிடணும்.”

“அந்தத் துப்பாக்கியைப் பத்திச் சொல்லு,” என்றான் நெல்ஸ்.

“அந்தச் சனியனைப் பத்தியா?” லோர்னா கோப்பையை ஓசையோடு வைத்தாள். “ஒரு வருஷமா பாகம் பாகமா வாங்கிச் சேர்த்தான். முதல்ல கீழ்கூடு வந்துச்சு, அதான் விசை இருக்கிற அடிப்பாகம். அப்புறம் மேல்கூடு வாங்கணும். எங்க கல்யாண நாளன்னைக்கு ஸ்டேக் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, போற வழியில துப்பாக்கிக் கடைக்குள்ள நுழைஞ்சான். பெட்டி நிறைய ஒரே மாதிரி மேல்கூடு, குழலோட. ஒண்ணு ஒண்ணா எடுத்து அவனோட கீழ்கூட்டுல மாட்டுறான், காதுகிட்ட வச்சு ஆட்டுறான், ‘லொடலொடங்குது’ன்னு திருப்பி வைக்கிறான். அடுத்தது. அதுவும் லொடலொட. நான் புது கவுனைப் போட்டுக்கிட்டு வண்டியில உக்காந்து கண்ணாடி வழியா பார்த்துட்டு இருக்கேன்!”

“பொறுமைசாலி நீ,” என்றாள் நடீன். “நான்னா வண்டியைக் கடைக்குள்ளயே விட்டிருப்பேன்.”

“லைலும் அவங்க கூட்டாளி ஆர்லோவும் அன்னைக்கு அங்கதான் இருந்தாங்க. அவங்களும் அதே பெட்டியில கைய விட்டு, வந்ததை எடுத்துக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டாங்க. ‘எல்லாம் ஒரே அச்சுல அடிச்சது, லோரி. உன் புருஷன் ஏதோ மோதிரம் மாட்டப் போற மாதிரி பார்க்கிறான்’னு லைல் சிரிச்சான். கடைசியில ஒண்ணு ஆடாம உக்காந்துச்சு. அவ்வளவு இறுக்கம், ரெண்டு கூட்டையும் கோக்கிற பின்னை விரலால தள்ள முடியாது, சுத்தியால தட்டித்தான் ஏத்தணும், இறக்கணும். அதுல அவனுக்கு ஒரு பெருமை. அதுக்குள்ள ஸ்டேக் கடையை மூடிட்டான்.”

“இப்பவும் தட்டித்தான் கழட்டுவானா?”

“ஒவ்வொரு தடவையும்! என் சமையல் மேசையில வச்சு டக் டக்குன்னு. மேசை பூரா குழி. அந்த ஞாயித்துக்கிழமைகூட. ராத்திரி பூரா அந்த ஆளோட காலைப் பார்த்துட்டு மத்தியானம் வீட்டுக்கு வரேன். ராய்ஸ், லைல், ஆர்லோ மூணு பேரும் மேசையில துப்பாக்கியைப் பரப்பி வச்சுத் துடைச்சிட்டு இருக்காங்க. நான் குளிக்கப் போயிட்டேன். என் முடியில அவனோட ரத்தம், நெல்ஸ். தண்ணிக்கு அடியில நிக்கிறேன், டக் டக் டக். ‘என் மேசையில தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது’ன்னு கத்தினேன். பதிலே இல்ல. டவலைச் சுத்திக்கிட்டு வெளிய வந்தா, ராய்ஸும் ஆர்லோவும் பின்வாசல் வழியா வராங்க. ரெண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் ரத்தம், கையில பாதி உறைஞ்ச கன்னுக்குட்டி. அதைக் கொண்டு வந்து என் அடுப்புக்கு முன்னாடி போட்டாங்க. திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்ல.”

“அந்த நேரத்துல லைல்?”

“துப்பாக்கிங்களைப் பையில போட்டு ஜிப் இழுத்துட்டு இருந்தான். அவன் ஒருத்தன்தான் வேலையை முடிச்சு வைப்பான். சாயங்காலம் ஷெரிஃபோட ஆள் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்.”

நெல்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ கத்தினப்போ பதிலே வரலையா?”

“அதைத்தானே சொல்றேன்.”

“சரி,” என்றான். “நாளைக்கு உன் சமையலறை வேணும்.”

*

“வழக்கு முடிஞ்சாச்சு,” என்றார் ஹோல்கம். ஆனாலும் சாட்சிப் பொருள் அறையைத் திறந்தார். நெல்ஸ் அவரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன்.

கறுப்புத் துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. ஹோல்கம் கீழ்கூட்டில் பொறித்திருந்த எண்ணை விரலால் தட்டினார். “ராய்ஸ் பேர்ல பதிவான நம்பர். வேற என்ன வேணும் உனக்கு?”

சட்டத்துக்குக் கீழ்கூடுதான் துப்பாக்கி. எண் அதற்குத்தான். குழலும் குண்டு வெடிக்கும் அறையும் கொண்ட மேல்கூட்டுக்கு எண் கிடையாது. செருப்பு வாங்குவதுபோல் தபாலில் வரவழைக்கலாம். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவை இரண்டு பின்கள்.

நெல்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினான். காதருகே வைத்து ஆட்டினான். லொடக், லொடக்.

“பொம்மையா அது?” என்றார் ஹோல்கம்.

நெல்ஸ் கட்டைவிரலால் பின்னை அழுத்தினான். வெண்ணெயில் போவதுபோல் வழுக்கி வெளியே வந்தது. “ஆய்வகத்துல இதைத் தேய்ச்சாங்களா? அராவினாங்களா?”

“சுட்டாங்க, திருப்பி அனுப்பினாங்க. அவ்வளவுதான். இன்னொண்ணு தெரியுமா? நூறு கஜத்துல ஒரு சாண் தள்ளி விழுதாம். இந்த லட்சணத்துல வச்சிருக்கான் குறியை. நரிக்கு வச்சது மனுஷன்மேல விழாம என்ன செய்யும்?”

“நரி வேட்டைக்கு முந்தின வாரம், வான்கோழி பரிசா வச்ச சுடும் போட்டியில ஜெயிச்சது ராய்ஸ்தானே?” என்றாள் நடீன். “இதே துப்பாக்கி, இதே தொலைநோக்கி. நடு வட்டத்துல மூணு குண்டு. நான் அந்த வான்கோழியைச் சாப்பிட்டேன்.”

“அதிர்ஷ்டம்.”

“மூணு தடவையுமா?”

ஹோல்கமின் கழுத்து சிவந்தது. “நெல்ஸ், இவளை வெளிய கூட்டிட்டுப் போ.”

“நாளைக்கு மத்தியானம் இந்தத் துப்பாக்கியையும் ராய்ஸையும் லோர்னா வீட்டுக்குக் கொண்டு வாங்க,” என்றான் நெல்ஸ். “லைலும் ஆர்லோவும் அவங்கவங்க துப்பாக்கியோட வருவாங்க.”

“எதுக்கு?”

“ஒருத்தன் காலில்லாம படுத்திருக்கான். அவனைச் சுட்டவன் இன்னைக்குக் காலையில கபேயில முட்டை சாப்பிட்டான். உங்களுக்கு அது பரவாயில்லைன்னா வர வேண்டாம்.”

அவன் குரலை உயர்த்தவில்லை. ஹோல்கம் அவனை முறைத்தார். “அரை மணி நேரம் தரேன்,” என்றார்.

வண்டியில் நடீன் பொங்கினாள். “ஆர்லோதான். எனக்குத் தெரியும். மேய்ச்சல் நிலத்துக்காக எவுசேபியோவோட முதலாளிகிட்ட ரெண்டு வருஷமா சண்டை போடுறான். அவனும் அதே மேல்கூடுதான் வாங்கினான்.”

“சண்டை போட்டவன் குறி வச்சுச் சுட்டிருப்பான். இவன் பழுப்பா ஏதோ அசைஞ்சதைச் சுட்டான். கிட்டப் போய்ப் பார்த்துப் பயந்தான்.”

“பயந்தவனை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் எரியுது.”

“எனக்கும்தான்,” என்றான் நெல்ஸ். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

*

சமையலறையில் ஏழு பேருக்கு இடம் போதவில்லை. ராய்ஸ் கைவிலங்கோடு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரச் சிறையில் இளைத்திருந்தான். வைக்கோல் லாரி ஓட்டும் ஆர்லோ சுவரோரம் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். லைல் ஸ்னோமொபைல் விற்பவன். விற்பவனின் சிரிப்போடு வந்தான்.

“இது என்ன, பிரார்த்தனைக் கூட்டமா?” என்றான். “ராய்ஸ், மெலிஞ்சு போயிட்டே. ஜெயில் சாப்பாடு அவ்வளவு மோசமா?”

லோர்னா அடுப்பில் சாய்ந்து கைகட்டி நின்றாள். நடீன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

நெல்ஸ் ராய்ஸின் துப்பாக்கியை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே ஆட்டினான். லொடக், லொடக்.

ராய்ஸ் தலை தூக்கினான். “இது என்னோடது இல்ல.”

“நம்பர் உன்னோடது,” என்றார் ஹோல்கம்.

“நம்பர் கீழ இருக்கு. நான் மேலே இருக்கிறதைச் சொல்றேன். என்னோடது ஆடாது. அதுக்காகத்தான் அன்னைக்கு...” அவன் லோர்னாவைப் பார்த்தான். “அன்னைக்கு நான் ஸ்டேக் வாங்கித் தரல.”

“இத்தனை நாள் ஏன்டா சொல்லல?”

“யாரு என் கையில கொடுத்தாங்க? பிளாஸ்டிக் பையில போட்டு, தூரத்துல இருந்து காட்டினீங்க. கறுப்பா இருந்துச்சு, என் தொலைநோக்கி அதுமேல இருந்துச்சு.”

“தொலைநோக்கி ஒரு கொக்கியில நிக்குது,” என்றான் நெல்ஸ். “கழட்டி இன்னொண்ணுல மாட்ட மூச்சு விடுற நேரம் போதும். ஆனா அது வேற குழலுக்கு வச்ச குறி. அதான் ஒரு சாண் தள்ளி விழுது.”

அவன் இரண்டு பின்களையும் விரலால் தள்ளி மேல்கூட்டைத் தனியே எடுத்து வைத்தான். ஆர்லோவின் துப்பாக்கியிலிருந்து மேல்கூட்டை எடுத்து, ராய்ஸின் கீழ்கூட்டில் பொருத்தினான். சுலபமாக உட்கார்ந்தது. ஆட்டினான். லொடக்.

“என்னோடது எப்பவும் அப்படித்தான்,” என்றான் ஆர்லோ. “சுடும். எனக்கு அது போதும்.”

“அடுத்தது உன்னோடது, லைல்.”

“எல்லாம் ஒரே அச்சுப்பா. ஷெரிஃப், இந்தக் கோமாளித்தனத்துக்கா என்னைக் கடையை மூட வச்சீங்க?”

நெல்ஸ் லைலின் மேல்கூட்டை எடுத்து, ராய்ஸின் கீழ்கூட்டின்மேல் வைத்தான். செருகிய பின் ஆணி பாதி வழியில் நின்றது. அழுத்தினான். நகரவில்லை.

“மூணாவது இழுப்பறை,” என்றான் ராய்ஸ். அவன் குரல் கரகரத்தது. “மரச் சுத்தி இருக்கு.”

நடீன் எடுத்துக் கொடுத்தாள். நெல்ஸ் மேசையில் வைத்துத் தட்டினான். டக். டக். டக். அந்தப் பின் ஆணி உள்ளே போனது. துப்பாக்கியைத் தூக்கி எல்லோர் காதுக்கும் கேட்கும்படி ஆட்டினான்.

ஒரு சத்தமும் இல்லை.

வெளியே கொட்டிலில் கன்றுக்குட்டி கத்தியது.

“அதுதான் என்னோடது,” என்றான் ராய்ஸ்.

ஹோல்கம் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். “காது சொல்றதை நீதிபதி ஏத்துக்க மாட்டார், நெல்ஸ்.”

“வேண்டாம். ராய்ஸ் காலித் தோட்டாவைத் தூக்கி எறியறதில்ல, திரும்ப நிரப்புறான். கொட்டகையில காபி டப்பா நிறைய கிடக்கு, வான்கோழிப் போட்டியில சுட்டதும் சேர்த்து. தோட்டாவை அடிக்கிற ஊசியும் இழுக்கிற கொக்கியும் மேல்கூட்டோட போகும். அந்தக் காலித் தோட்டாவுல இருக்கிற தடம் எதோட பொருந்துதுன்னு ஆய்வகத்துல கேளுங்க. லைல் கையில இருந்த இந்த மேல்கூட்டோட பொருந்தும். எவுசேபியோவைச் சுட்டது, கடைப் பெட்டியில கைய விட்டு லைல் எடுத்த மேல்கூடு.”

லைலின் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. “மாறியிருக்கும். இல்லைன்னு சொல்லல. மூணு பேரும் ஒண்ணாத்தானே துடைக்கிறோம்? எப்பவோ மாறிப் போயிருக்கும். போட்டிக்கு முன்னாடியே மாறியிருந்தா? என்னோடதை வச்சு ராய்ஸ் சுட்டிருந்தா? எப்ப மாறுச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“அதுதான் கேள்வி,” என்றான் நெல்ஸ். “அதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. லோர்னாவுக்குத் தெரியும்.”

லோர்னா நிமிர்ந்தாள். “எனக்கா?”

“தட்டிக் கழட்ட வேண்டிய துப்பாக்கி இந்த வீட்டுல ஒண்ணுதான். அந்த ஞாயித்துக்கிழமை நீ குளிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டுச்சு. அப்படின்னா அதுவரைக்கும் இறுக்கமான மேல்கூடு ராய்ஸோட கீழ்கூட்டுலதான் இருந்துச்சு. நீ வெளிய வந்தப்போ ராய்ஸும் ஆர்லோவும் எங்கிருந்து வந்தாங்க?”

அவள் பின்வாசலைப் பார்த்தாள். பிறகு மேசையை. பிறகு தம்பியை.

“நாங்க அரை மணி நேரமா அந்தக் கன்னை இழுத்துட்டு இருந்தோம்,” என்றான் ஆர்லோ மெல்ல. “ராய்ஸ் என் பக்கத்துலதான் இருந்தான்.”

“லோரி,” என்றான் லைல். இப்போது சிரிப்பு இல்லை. “நீ ஷவருக்கு அடியில இருந்தே. தண்ணிச் சத்தம். ராத்திரி பூரா தூங்கல. உனக்கு என்ன கேட்டிருக்கும்? ஒண்ணும் கேட்டிருக்காது. யோசிச்சுச் சொல்லு.”

“கேட்டுச்சு,” என்றாள் லோர்னா. “நான் கத்தினேன். நீ ஏன் பதில் சொல்லல?”

லைல் உட்கார்ந்துவிட்டான்.

“செத்துட்டான்னு நினைச்சேன், லோரி.”

“கிட்டப் போனியா?”

“போனேன்.”

“கழுத்துல விரல் வச்சுப் பார்த்தியா?”

“நாய் உறுமுச்சு...”

“நாய் அவனை விட்டுப் போகல. நாய்!” அவள் குரல் கூரையில் மோதியது. “அந்தக் கால் கறுத்துப் போயிருந்துச்சு, லைல். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருப்போம்னு டாக்டர் என் எதிர்லதான் சொன்னார். உன்கிட்ட போன் இருந்துச்சு. பேர்கூடச் சொல்ல வேண்டாம். ஒரு போன்!”

“ராய்ஸ் மேல வரும்னு நினைக்கல. அவன்தான் போட்டிக்கே போகலையே, விட்டுடுவாங்கன்னு... அந்தக் குழல் என்கிட்ட இருந்து போனா போதும்னு...”

“மூணு வாரமா இந்த மேசையில உக்காந்து சாப்பிட்டே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ‘கவலைப்படாதே லோரி’ன்னு என் முதுகைத் தடவிக் கொடுத்தே.”

லைல் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

லோர்னா ஷெரிஃப் பக்கம் திரும்பினாள். “எழுதிக்கோங்க. தட்டின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்போ இந்த அறையில என் தம்பி மட்டும்தான் இருந்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். எங்கம்மா எதிர்லயும் சொல்றேன்.”

ஹோல்கம் ராய்ஸின் விலங்கைக் கழற்றி, அதையே லைலுக்கு மாட்டினார். வாசலில் நின்று ராய்ஸிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

“மன்னிப்பு ஏதாவது கேக்கப் போறீங்கன்னா, முதல்ல எவுசேபியோகிட்டப் போங்க,” என்றான் ராய்ஸ். “நான் அப்புறம்.”

*

நடீன் வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டாள். திருகவில்லை.

“உனக்கு எப்போ தெரிஞ்சுது? அந்தத் துப்பாக்கியை ஆட்டினப்பவா?”

“அதுக்கு முன்னாடியே. லோர்னா நம்ம அறையில பேசும்போது.”

“கன்னுக்குட்டியா?”

“இல்ல. அவ குளியலறையில இருந்து கத்தினா, பதில் வரல. ராய்ஸை உனக்குத் தெரியும். அவ ஒண்ணு கத்தினா ரெண்டு திருப்பிக் கத்துவான்.” நெல்ஸ் கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வீட்டுக்குள்ள கத்தினா பதில் வரலைன்னா, அந்த ஆள் அங்க இல்ல. அவ்வளவுதான்.”

நடீன் சாவியிலிருந்து கையை எடுத்தாள். அவள் அக்காவின் வீட்டில் இப்போது நெல்ஸ் கத்தினாலும் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

பின்னால் வீட்டுக்குள்ளிருந்து லோர்னாவின் குரல் எழுந்தது. புதுக் குழி, மேசை, ஸ்டேக், மூன்று வாரம், எல்லாம் கலந்து வந்தது. மறு நொடியே ராய்ஸ் திருப்பிக் கத்தினான்.

நடீன் சாவியைத் திருகப் போனாள்.

“இரு,” என்றான் நெல்ஸ். “அவங்க முடிக்கட்டும்.”